மொராக்கோ தெருக்களில் கேமராவோடு: மனிதர்களை மதித்து இயல்பான படம் எடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபெஸ் நகரின் பழைய பகுதியில், தலா கபீரா தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில், அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான ரொட்டி அடுப்பு ஒன்று இருக்கிறது. ஃபர்ரான் என்பார்கள். காலையில் மாவைப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, பலகையில் அடுக்கி, மேலே துணி போர்த்தி வீட்டிலிருந்து எடுத்து வருவார்கள். அடுப்புக்காரர் நீளமான மரத்துடுப்பில் ஒவ்வொன்றாக உள்ளே தள்ளுவார். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அவருக்குத் தெரியும்.

முதல் நாள் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்றேன். கேமராவை மார்பளவில் தொங்கவிட்டு, ஷட்டர் சத்தத்தை அணைத்துவிட்டு, வேறெங்கோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டே, பலகையோடு வந்த ஓர் அம்மாவைப் படம் எடுத்தேன். சத்தமே வரவில்லை. ஆனால் அவர் நின்றுவிட்டார். பலகையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, இன்னொரு கையை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தார். விரல்களில் மாவு காய்ந்து வெள்ளையாக இருந்தது. "ஹ்ஷூமா" என்றார், மெதுவாகத்தான். மொராக்கோவில் குழந்தைப் பருவத்திலிருந்தே எல்லோரும் கேட்டு வளரும் சொல் அது. வெட்கம், மானம், மரியாதை மூன்றும் அதற்குள் இருக்கின்றன. நம் பாட்டிமார் "இது நல்லாவா இருக்கு?" என்று கேட்பார்களே, ஏறக்குறைய அந்த இடம்.

படத்தை அவர் கண்ணெதிரே அழித்தேன். அன்று மாலைவரை கேமராவைத் தொடவில்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லப் போவதெல்லாம் அந்தச் சந்தில் தொடங்கியதுதான்.

ஒளிந்து எடுப்பதும் இயல்பாக எடுப்பதும்

கேண்டிட் படம் என்றால் எடுப்பது தெரியாமல் எடுக்கும் படம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். இடுப்பளவில் வைத்து எடு, தூரத்திலிருந்து ஜூம் போடு, போன் பேசுவது போல நடி என்று யூடியூபில் எத்தனையோ பாடங்கள் கிடைக்கும். இவற்றால் கிடைப்பது இயல்பான படம் அல்ல, திருட்டுப் படம். பார்ப்பவருக்கும் அது தெரிந்துவிடும். கோணம் கோணலாக இருக்கும், முகம் பாதி திரும்பியிருக்கும்.

எதிரே இருப்பவர் உங்களைப் பார்த்துவிட்டு, "இவன் இங்கேதான் இருக்கிறான்" என்று ஏற்றுக்கொண்டு, பிறகு உங்களை மறந்து தன் வேலைக்குத் திரும்பிய நொடியில் எடுப்பதுதான் இயல்பான படம். அந்த மறதிக்குக் காத்திருக்க வேண்டும். முஸ்லிம் நாடுகளில் மட்டுமல்ல, எங்கேயும் இது பொருந்தும். ஆனால் அந்தரங்கத்தை வீட்டின் கட்டுமானத்திலேயே வைத்திருக்கும் ஊர்களில் இதைத் தவிர வேறு நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

படி 1: போகும் நாட்டின் சட்டத்தைப் படியுங்கள்

"முஸ்லிம் நாடுகள்" என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்ட முடியாது. உஸ்பெகிஸ்தானில் கிழவர்களும் பாட்டிகளும் தாங்களே கூப்பிட்டுப் படம் எடுக்கச் சொல்வார்கள். அங்கேயே தாஷ்கந்து மெட்ரோவில் 2018 வரை கேமராவைத் தூக்கவே கூடாது என்று தடை இருந்தது. இஸ்தான்புல் தெருக்களுக்குக் கேமரா பழகிப்போய்ப் பல தலைமுறை ஆகிறது. அந்த நகரத்தை வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்த அரா கியூலர் 2018இல், 90 வயதில் இறந்தபோது ஊரே துக்கம் கொண்டாடியது.

அமீரகம் நேர் எதிர். துபாயிலும் ஷார்ஜாவிலும் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். 2021இல் வந்த சைபர் குற்றச் சட்டத்தின்படி, ஒருவரின் அனுமதியில்லாமல் அவரைப் படம் எடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிட்டால் குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். வார விடுமுறையில் துபாயில் தேரா பகுதியின் மீன் சந்தைக்குக் கேமராவோடு போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அங்கே படம் எடுக்கவே முடியாது என்பதில்லை. கேட்டு எடுங்கள், கேட்டுப் பகிருங்கள். சவூதியிலும் 2019இல் சுற்றுலா விசா திறந்தபோதே வந்த பொது ஒழுக்க விதிகளில், அனுமதியின்றிப் பிறரைப் படம் எடுப்பதற்கு அபராதம் உண்டு.

மொராக்கோவில் பொதுத்தெருவில் எடுப்பதற்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆனால் 2018இல் தண்டனைச் சட்டத்தில் சேர்த்த பிரிவுகளின்படி, தனிப்பட்ட இடத்தில் இருப்பவரை அவர் சம்மதமில்லாமல் படம் எடுப்பதும் பரப்புவதும் சிறைத்தண்டனைக்குரிய குற்றம். போலீஸ், ராணுவம், சோதனைச் சாவடி, அரண்மனைக் காவலர் ஆகியவற்றை எடுக்கவே கூடாது. ஃபெஸ் அரண்மனையின் பித்தளைக் கதவுகளை எல்லோரும் எடுக்கிறார்கள், அதில் சிக்கல் இல்லை. பக்கத்தில் நிற்கும் காவலர் மட்டும் ஃபிரேமுக்குள் வரக் கூடாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையச் சுங்கத்திலேயே பிடித்து வைத்துவிடுவார்கள்.

"தனிப்பட்ட இடம்" எங்கே தொடங்குகிறது என்பது பழைய நகரத்தில் குழப்பமாக இருக்கும். அதைக் கட்டடங்களே சொல்லித் தருகின்றன. மதீனா எனப்படும் பழைய நகரப் பகுதி வீடுகளின் தெருக்கதவு திறந்திருந்தாலும் உள்முற்றம் தெரியாது. நடை நேராகப் போகாமல் ஒரு திருப்பம் திரும்பி உள்ளே போகும். கடந்து போகிறவர் கண் உள்ளே விழக் கூடாது என்றே அப்படிக் கட்டியிருக்கிறார்கள். அந்தத் திருப்பத்தைத் தாண்டிக் கேமராவை நீட்டினால் வரம்பு மீறிவிட்டீர்கள் என்று பொருள்.

மொட்டைமாடியும் அப்படித்தான். துணி உலர்த்துவது, தானியம் காயவைப்பது, அக்கம்பக்கத்தோடு பேசுவது என்று மொராக்கோவின் பழைய நகரங்களில் மாடி பெண்களின் உலகமாக இருந்து வந்திருக்கிறது. தங்கும் விடுதியின் மாடியில் நின்று மாலை வெயிலில் ஊரை எடுப்பது அழகுதான். ஆனால் பக்கத்து மாடியில் துணி மடிக்கும் பெண்ணை நோக்கி ஜூம் போடுவது, சன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதற்குச் சமம்.

படி 2: கேமராவுக்கு அங்கே ஒரு வரலாறு உண்டு

"இஸ்லாத்தில் உருவம் கூடாது, அதனால்தான் மறுக்கிறார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படி நம்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவர்கள் உரிமை. ஆனால் மொராக்கோவில் நான் பார்த்தவரை பெரும்பாலோர் கையில் போன் இருக்கிறது, அதில் குடும்பப் படங்கள் நிறைந்திருக்கின்றன. மறுப்பவர்களில் பலருக்குப் படத்தின் மேல் கோபம் இல்லை. யார் எடுக்கிறார், எதற்கு எடுக்கிறார், அது எங்கே போகும் என்பதில்தான் சந்தேகம்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணம் உண்டு. காலனிக் காலத்தில் வட ஆப்பிரிக்கப் பெண்களை ஸ்டுடியோவில் நிறுத்தி, வேண்டியபடி உடுத்தி, உடை களைந்து எடுத்த படங்கள் தபால் அட்டைகளாக ஐரோப்பாவுக்குப் போயின. 1960இல், அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரெஞ்சு ராணுவத்தில் கட்டாயச் சேவையில் இருந்த மார்க் காரான்ஜே என்ற இளைஞருக்கு ஓர் உத்தரவு வந்தது. கிராமத்து மக்கள் எல்லோருக்கும் அடையாள அட்டை, அதற்குப் படம் வேண்டும். பெண்களின் முகத்திரையை விலக்க வைத்தார்கள். சில நாட்களுக்குள் ஏறக்குறைய 2,000 பேரை அவர் எடுத்தார். அந்தப் படங்கள் இன்று காணக் கிடைக்கின்றன. பயணம் கிளம்பும் முன் ஒருமுறை பாருங்கள். அந்தப் பெண்கள் லென்ஸைப் பார்க்கும் பார்வையைப் பார்த்த பிறகு, "ஒரு படம்தானே, என்ன இப்போ?" என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை.

இன்னொரு காரணம் நமக்கு நன்றாகப் புரியும்: கண்ணேறு. குழந்தையைப் புகழ்ந்தால் திருஷ்டி படும் என்று நம் வீட்டில் கன்னத்தில் மை வைக்கிறோம், மிளகாய் சுற்றிப் போடுகிறோம். அங்கே கதவில் ஐவிரல் கை தொங்கும். குழந்தையைப் பார்த்து "என்ன அழகு!" என்பதோடு நிறுத்தாமல் "தபார்கல்லாஹ்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். கடவுளின் பெயரைச் சொல்லிவிட்டதால் கண்ணேறு படாது என்ற நிம்மதி தாய் முகத்தில் உடனே தெரியும்.

மொராக்கோக்காரர்களே இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பதும் உதவும். பாரிஸில் பிறந்து மராகேஷில் வளர்ந்த லைலா அலவி, 2010 முதல் நாடு முழுக்கச் சந்தைகளுக்குப் போய், கறுப்புத் திரையோடு கூடிய சிறு ஸ்டுடியோவை அங்கேயே விரித்து, விருப்பப்பட்டு வந்து நின்றவர்களை எடுத்தார். அவற்றில் யாருமே வேடிக்கைப் பொருளாகத் தெரிவதில்லை. 2016 ஜனவரியில் புர்கினா ஃபாசோவின் தலைநகர் வாகடூகுவில் நடந்த தாக்குதலில் சுடப்பட்டு 33 வயதில் இறந்துபோனார். அவர் எடுத்தவை தெருக் கேண்டிட் அல்ல. ஆனாலும் மரியாதை என்பது படத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒன்று என்பதை அவற்றில்தான் கற்றேன்.

படி 3: பையில் என்ன வைப்பது

சிறிய கேமரா ஒன்று, 28 அல்லது 35 மி.மீ. லென்ஸ் ஒன்று போதும். 70-200 போன்ற நீண்ட லென்ஸை விட்டுவிட்டுப் போங்கள். அதைத் தூக்கினாலே வேட்டைக்காரர் போல இருக்கும். அகல லென்ஸில் முகம் பெரிதாக வர வேண்டுமென்றால் கிட்டப் போயாக வேண்டும், கிட்டப் போனால் பேசியாக வேண்டும். அது நல்ல கட்டாயம்.

ஷட்டர் சத்தத்தை அணைக்காதீர்கள். நிறைய பேர் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள். ஃபர்ரான் சந்துக்குப் பிறகு நான் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிட்டேன். "டக்" என்று கேட்கட்டும். கேட்ட பிறகும் அவர் திரும்பாமல் வேலையைத் தொடர்ந்தால் அதுவே ஒரு சம்மதம். திரும்பிப் பார்த்தால் சிரித்துத் தலையசைக்க உங்களுக்கு ஒரு வாய்ப்பு.

போனில்தான் எடுக்கிறேன் என்றால் அதுவும் சரி. ஆனால் இப்போதெல்லாம் போனைக் கண்டுதான் அதிகம் பயப்படுகிறார்கள். கேமராவில் எடுத்தது பெட்டிக்குள் இருக்கும், போனில் எடுத்தது அடுத்த நிமிடம் டிக்டாக்கில் ஓடும் என்று அவர்களுக்கும் தெரியும்.

அப்புறம், 5, 10 திர்ஹம் நாணயங்கள். முடிந்தால் இன்ஸ்டாக்ஸ் மாதிரி ஒரு கையடக்கப் பிரிண்டர். என் பையில் லென்ஸைவிட அதிகம் உதவியது அந்தப் பிரிண்டர்தான்.

படி 4: சில வார்த்தைகள்

பேசுவது தாரிஜா எனும் மொராக்கோ அரபு. மலைப்பகுதிகளில் அமாசிக் (பெர்பர்) மொழிகள். ஃபிரெஞ்சு பரவலாக ஓடும். கேமராக்காரருக்கு இவ்வளவு போதும்:

"அஸ்ஸலாமு அலைக்கும்", கடைக்குள் நுழையும்போது.
"அல்லா யாவ்ன்", வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்து. கடவுள் துணை நிற்கட்டும் என்று பொருள். இதைச் சொன்னால் சுத்தியல் ஒரு நொடி நின்று, ஒரு புன்னகை வரும்.
"வாஷ் மும்கின் ந்ஸவ்ரக்?", உங்களைப் படம் எடுக்கலாமா?
"வாக்கா" என்றால் சரி. "லா" என்றால் இல்லை.
"ஸ்மஹ்லியா", மன்னித்துக்கொள்ளுங்கள்.
"ஷுக்ரன்".

"லா" என்று வந்தால் அத்தோடு முடிந்தது. ஏன் என்று கேட்கக் கூடாது, "ஒண்ணே ஒண்ணு" என்று கெஞ்சக் கூடாது. ஷுக்ரன் சொல்லிவிட்டு அதே சிரிப்போடு அங்கேயே இருங்கள். மறுத்தவரிடம் முகம் மாறாமல் நின்றால், மறுநாள் அவரே கூப்பிடுவதும் உண்டு. வாய் திறக்காமல் விரலை ஆட்டினாலும், துப்பட்டாவை இழுத்து முகத்தை மூடினாலும், சட்டென்று முதுகைக் காட்டினாலும் எல்லாம் "லா"தான்.

இந்தியர் என்று தெரிந்தால் "ஷாருக் கான்! அமிதாப்!" என்று குரல்கள் வரும். தலைமுறை தலைமுறையாக இந்திப் படம் பார்த்த ஊர். அந்த அன்பை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உடனே கேமராவை உயர்த்தாதீர்கள். நம் முகம் அங்கே அவ்வளவாக அந்நியமாகத் தெரியாது என்பது நமக்கு வாய்த்த சலுகை.

படி 5: ஒரே இடத்தில் நில்லுங்கள்

இதுதான் முக்கியமான படி. ஒரு நாளில் ஊரைச் சுற்றி ஐநூறு படம் எடுப்பதை விட்டுவிடுங்கள். மூன்று நாளைக்கு ஒரே ஒரு சதுக்கம்.

நான் தேர்ந்தெடுத்தது ஃபெஸ்ஸின் செஃபாரின் சதுக்கம், செம்புக் கொல்லர்களின் இடம். கி.பி. 859இல் ஃபாத்திமா அல்-ஃபிஹ்ரி தொடங்கிய கரவிய்யீன் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நடுவில் ஒரு மரம், சுற்றிலும் சிறு கடைகள், கல்யாணச் சமையலுக்கான அண்டாக்கள் வாசலில் கவிழ்ந்திருக்கும். நாள் முழுக்கச் சுத்தியல் ஓசை. முதலில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது. இரண்டாம் மணி நேரத்தில்தான் புரிந்தது, ஒரு கடைக்காரர் தட்டும் இடைவெளியில் எதிர்க்கடைக்காரர் தட்டுகிறார், அவருக்குப் பதிலாக மூன்றாமவர்.

முதல் நாள் கேமரா பையிலேயே இருக்கட்டும். மூலையில் உள்ள சிறு டீக்கடையில் புதினா டீ வாங்கிக்கொண்டு உட்காருங்கள். வெளிச்சம் எப்போது எந்தக் கடைக்குள் விழுகிறது என்று பாருங்கள். யார் சிரிக்கிறார், யார் சுற்றுலாக் குழுக்களைக் கண்டால் கடைக்குள் போய்விடுகிறார் என்று பாருங்கள். இரண்டாம் நாள் கேமராவை எடுத்து மேசைமேல் எல்லோரும் பார்க்கும்படி வையுங்கள். கட்டடத்தை, மரத்தை, அண்டாவை எடுங்கள். பக்கத்தில் இருப்பவர் "காட்டு" என்பார், காட்டுங்கள்.

எனக்கு மூன்றாம் நாள் காலையில்தான் நடந்தது. வயதான கொல்லர் ஒருவர், அண்டாவை இரண்டு பாதங்களுக்கும் நடுவே அணைத்துக்கொண்டு விளிம்பைத் தட்டிக்கொண்டிருந்தார். "அல்லா யாவ்ன்" என்றேன். நேற்றும் முந்தாநாளும் பார்த்த முகம் என்பதால் தலையை மட்டும் ஆட்டினார். கேமராவைக் காட்டிப் புருவத்தை உயர்த்தினேன். "வாக்கா" என்று சொல்லி, முதலில் நேராக நிமிர்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தார். அந்தப் படத்தையும் எடுத்தேன். அது அவருக்கான படம். பிறகு கேமராவை இறக்கி அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பத்து நிமிடத்தில் அவர் என்னை மறந்துவிட்டார். அண்டாவைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, உள்பக்கத்தில் வெளிச்சம் விட்டு ஓட்டை தேடினார். செம்பின் மஞ்சள் ஒளி முகத்தில் பட்டு ஏறியது. டக்.

கேட்டுவிட்டால் இயல்பு போய்விடுமே என்பவர்களுக்கு என் பதில் இதுதான். போகும், உட்கார்ந்திருந்தால் திரும்ப வரும்.

கேமரா அமைப்பைப் பற்றிச் சுருக்கமாக. ஒவ்வொரு முறையும் கண்ணில் வைத்து ஃபோகஸ் தேடிக்கொண்டிருந்தால் எதிரே இருப்பவர் விறைத்துப்போவார். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸின் துவார அளவை எஃப் 8இல் வைத்து, கையால் 2.5 மீட்டருக்கு ஃபோகஸ் செய்துவிட்டால், ஏறக்குறைய 1.7 மீட்டரிலிருந்து 5 மீட்டர் வரை கூர்மையாக இருக்கும். 28 மி.மீ. என்றால் 3.3 மீட்டருக்கு வையுங்கள், 1.7 மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை சரியாக வரும். ஷட்டர் வேகம் ஒரு நொடியில் 250இல் 1 பங்கு, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ, உச்சவரம்பு 6400. மூங்கில், பலகைக் கூரைகளின் இடுக்கு வழியே கீற்றுக் கீற்றாக வெயில் விழும் சந்துகளில் எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது பாதியாக, குறையுங்கள். இல்லாவிட்டால் வெயில் விழுந்த முகம் வெளுத்துவிடும். ஃபிளாஷ் வேண்டாம்.

பின்னாலிருந்து "பாலக்! பாலக்!" என்று கத்தினால் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள். கோவேறு கழுதை வருகிறது, தோல்மூட்டையோ கேஸ் சிலிண்டரோ ஏற்றியிருக்கும். அந்தச் சந்துகளில் கார் கிடையாது, வழி அவர்களுடையது.

படி 6: பெண்கள், குழந்தைகள், தொழுகை

ஆண் புகைப்படக்காரர்களுக்கு: முன்பின் தெரியாத பெண்ணைக் கேட்காமல் எடுக்காதீர்கள். கூட்டத்தில் ஒருவராக, தூரத்தில், முகம் அடையாளம் தெரியாமல் வருவது வேறு. கணவரோ மகனோ கூட இருந்தாலும் அனுமதியை அந்தப் பெண்ணிடமே கேளுங்கள், மற்றவருக்கு ஒரு ஸலாம் சொல்லிவிட்டு. பெண் புகைப்படக்காரர்களுக்கு அங்கே நமக்குத் திறக்காத கதவுகள் திறக்கும். மருதாணி இடும் திண்ணை, சமையலறை, கல்யாண வீட்டு உள்முற்றம். அப்படித் திறந்த இடத்தில் எடுத்ததைப் பொதுவெளியில் போடுவதற்குத் தனியாக ஒருமுறை கேட்க வேண்டும். வீட்டுக்குள் எடுக்கச் சம்மதித்ததும் உலகுக்குக் காட்டச் சம்மதித்ததும் ஒன்றல்ல.

ரிஃப் மலையடிவாரத்து ஷெஃப்ஷாவனில், சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணி சுற்றி, நூல் குஞ்சம் வைத்த ஓலைத்தொப்பி அணிந்து, கிராமங்களிலிருந்து பெண்கள் காய்கறி விற்க வருவார்கள். நீலச் சுவர், சிவப்புக் கோடு. கை துறுதுறுக்கும். அவர்களில் பெரும்பாலோருக்குப் படம் எடுப்பது பிடிக்காது. நான் அங்கே நீலச் சுவர்களையும் பூனைகளையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களிடம் பாலாடைக்கட்டி வாங்கித் தின்றுவிட்டு வந்தேன். எடுக்காமல் விட்ட அந்தப் படங்கள் கண்ணில் நிற்கின்றன, அது போதும்.

குழந்தைகள் தாங்களாகவே ஓடிவந்து போஸ் கொடுப்பார்கள். தாயோ தகப்பனோ பார்வையில் இருக்கிறாரா என்று பாருங்கள், அவர் தலையசைத்த பிறகு எடுங்கள். படத்துக்காக மிட்டாயோ காசோ கொடுக்காதீர்கள். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுச் சுற்றுலாப் பயணிகளின் பின்னால் ஓடும் பழக்கம் அப்படித்தான் தொடங்குகிறது.

மொராக்கோவில் முஸ்லிம் அல்லாதவர்கள் பெரும்பாலான பள்ளிவாசல்களுக்குள் போக முடியாது. 1993இல் கட்டி முடித்த காசாபிளாங்காவின் இரண்டாம் ஹசன் பள்ளிவாசல் முக்கியமான விதிவிலக்கு, வழிகாட்டியோடு உள்ளே போகலாம். ஃபெஸ்ஸில் பூ இனானியா மதரசாவைப் பார்க்கலாம். மற்ற இடங்களில் திறந்த வாசலில் நின்று முற்றத்தை எடுப்பதை யாரும் பெரிதாகத் தடுப்பதில்லை, ஆனால் உள்ளே ஒளூ (தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது) செய்துகொண்டிருப்பவரைக் குறிவைக்காதீர்கள். தொழுகிறவருக்கு முன்னால் குறுக்கே போவது பெரிய பிழை என்று அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். வெள்ளி மதியம் பள்ளிவாசல் நிறைந்து தெருவில் பாய் விரித்துத் தொழுவார்கள். நல்ல கோணத்துக்காக அவர்கள் முன்னால் போய் மண்டியிட்ட சுற்றுலாப் பயணியை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் தள்ளி நின்றும் எடுக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். நான் எடுப்பதில்லை.

ஜனாஸா (இறுதி ஊர்வலம்) வந்தால், கலிமா ஓதிக்கொண்டு சந்தில் வேகமாக வருவார்கள், கேமராவைப் பைக்குள் போட்டுவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். நம் ஊரில் பாடை போகும்போது செருப்பைக் கழற்றி நிற்பவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ரமலான் மாதத்தில் போனால் பகலில் டீக்கடை உட்காரல் கிடையாது, மற்றவர்கள் முன்னால் பாட்டில் தண்ணீர் குடிப்பதையும் தவிருங்கள். ஆனால் மக்ரிபுக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகைக்கு) அரைமணி முன்பு ஊரே பரபரக்கும், பேரீச்சம்பழமும் ஹரீரா சூப்புக்கான கொத்தமல்லியும் தோள்பையில் ஓடும். பாங்கு சொன்னதும் ஒரே நொடியில் தெரு வெறிச்சோடிப்போகும். அந்த வெற்றுத்தெருவை எடுங்கள். எடுத்துக்கொண்டிருக்கும்போதே யாராவது "வா, உட்கார்" என்று கூப்பிடுவார்கள். போய் உட்காருங்கள்.

காசு

மராகேஷின் ஜமா எல்-ஃப்னா சதுக்கத்தில் பாம்பாட்டி, சிவப்பு உடையும் பித்தளைக் கோப்பைகளும் அணிந்த தண்ணீர்க்காரர், இசைக்காரர் எல்லோருக்கும் படம் என்பது பிழைப்பு. கேமராவை உயர்த்தும் முன்பே தொகையைப் பேசிவிடுங்கள், 10 அல்லது 20 திர்ஹம். எடுத்த பிறகு பேசினால் நூறில் தொடங்கும், சண்டையில் முடியும். அவர்கள் கேட்பதில் தவறில்லை, அவர்கள் கலைஞர்கள். சங்கிலி கட்டிய குரங்குகளை மட்டும் எடுக்காதீர்கள். அழியும் ஆபத்தில் இருக்கும் பார்பரி மக்காக் குரங்குகள் அவை, நாம் கொடுக்கும் காசுதான் அடுத்த குட்டியைக் காட்டிலிருந்து பிடிக்க வைக்கிறது.

ஃபெஸ்ஸின் ஷுவாரா தோல் பதனிடும் தொட்டிகளை மேலே தோல்கடை மாடிகளிலிருந்து பார்க்கலாம். வாசலில் மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து தருவார்கள். சுண்ணாம்பும் புறாவின் எச்சமும் கலந்த தொட்டிக்குள் இடுப்பளவு இறங்கி நிற்பவர்களை மேலே நின்று, புதினாவை முகர்ந்துகொண்டு, எறும்புக்கூட்டம் போல எடுப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஒருமுறை எடுத்தேன், வண்ணம் அற்புதமாக வந்தது. அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

படி 7: யாராவது கோபப்பட்டால்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் ஒருநாள் நடக்கும். கேமராவைக் கீழே இறக்குங்கள். வலது கையை நெஞ்சில் வைத்து "ஸ்மஹ்லியா" சொல்லுங்கள். திரையைத் திருப்பிக் காட்டி, அவர் கண்ணெதிரே அழியுங்கள். சட்டப்படி எனக்கு உரிமை இருக்கிறது என்று வாதாடாதீர்கள். அவர் நியாயம் பேசுகிறாரா இல்லையா என்பது அப்போது கேள்வியே இல்லை. கூட்டம் கூடினால், அங்கே இருக்கும் வயதானவர் பக்கம் திரும்பி ஸலாம் சொல்லுங்கள். மதீனாவில் பெரும்பாலும் ஒரு பெரியவர் நடுவில் வந்து இரு பக்கத்தையும் ஆற்றிவிடுவார். போலீஸ் கேட்டால் பாஸ்போர்ட் நகலோடு அமைதியாகப் பதில் சொல்லுங்கள்.

படி 8: ஊருக்குத் திரும்பிய பிறகு

இன்ஸ்டாகிராமில் போடும் முன் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு கேள்வி: இந்தப் படத்தை இவருடைய மகள் பார்த்தால்? அவர்களும் அதே செயலியில்தான் இருக்கிறார்கள். இடக்குறியை நகரத்தோடு நிறுத்துங்கள், சந்து வரை போக வேண்டாம். தலைப்பில் "மர்மமான", "திரைக்குப் பின்னால்" போன்ற சொற்கள் வந்தால் அழித்துவிடுங்கள். அவர் பெயர் தெரிந்தால், அவர் அனுமதித்தால், பெயரையும் தொழிலையும் போடுங்கள். "மொராக்கோ கிழவர்" என்பதைவிடச் "செம்புக் கொல்லர்" என்பது மேல்.

முடிந்தவரை படத்தை உரியவரிடம் சேருங்கள். வாட்ஸப் எண் கொடுத்தவர்களுக்கு அன்று இரவே அனுப்பிவிட வேண்டும், ஊருக்குப் போய் அனுப்புகிறேன் என்றால் நடக்காது. அங்கேயே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. ஃபர்ரான் அடுப்புக்காரருக்கு ஐந்தாம் நாள் ஒரு பிரிண்ட் கொடுத்தேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கி, வெகுநேரம் பார்த்துவிட்டு, பலகையிலிருந்து ஒரு துளி ஈரமாவைக் கிள்ளி, அதன் பின்னால் தடவி, அடுப்புவாய்க்கு மேலே சுவரில் ஒட்டினார். முதல் நாள் கையை விரித்துக் காட்டிய அந்த அம்மா மறுநாள் வந்தபோது அதைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பலகையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். நான் கேமராவை எடுக்கவில்லை.

அங்கே பிரிண்டரில் தாள் தீர்ந்துபோன பிறகு எடுத்த படங்களை இங்கே வந்து பெரிதாகப் போட்டு வைத்திருக்கிறேன். பதினோரு படங்கள், ஓர் உறைக்குள். அந்தச் சந்துகளுக்குத் தபால் முகவரி கேட்டு வாங்க எனக்குத் தோன்றவில்லை. அதனால் ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "செஃபாரின், மரத்துக்கு எதிரே, படிக்கட்டு உள்ள கடை." "ஃபர்ரானிலிருந்து இரண்டாவது வாசல், பச்சைக் கதவு." அடுத்த முறை போகும்போது கேமராவுக்கு முன்னால் பையிலிருந்து வெளியே வர வேண்டியது அந்த உறை.